அம்மா வாயால் சொல்லக்கூடிய முகவரி

நடந்தவை, வரிசைப்படி:

1. 1989இல் அம்மாவுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் மாற்றல் வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் ஜாஸ்தியானது.

2. காத்திருந்த நேரத்தில், நின்ற இடத்திலிருந்து மலை எப்படித் தெரிந்ததோ அப்படியே வரைந்தாள். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு படம்.

3. பதினைந்து வருடம் கழித்து, அந்தப் படங்களை ஒரு வலைத்தளத்தில் போடலாம் என்று எனக்குத் தோன்றியது.

4. தளத்துக்குப் பெயர் தேடினேன். முப்பத்தாறு பெயர்கள் எழுதினேன். முப்பத்துமூன்றை யார் யாரோ ஏற்கெனவே எடுத்திருந்தார்கள்.

5. மிச்சமிருந்த மூன்றில் நன்றாக இருந்ததைப் பதிவு செய்தேன். அதில் மலையின் பெயர் இருந்தது.

6. என் அப்பாவுக்கும் மலையின் பெயர்தான்.

7. அம்மா ஒருநாளும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பதிவு செய்தேன்.

ஏழாவதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்ற ஆறையும் சொல்லாமல் அது புரியாது.

அம்மா கிராம சுகாதார செவிலியர். ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா. கர்ப்பிணிகளைப் பார்ப்பாள், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவாள், சாயங்காலம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவாள். எங்கள் வீடு திருவண்ணாமலையில். அம்மா பார்க்க வேண்டிய ஊர்கள் எல்லாம் வெளியே. தோளில் தடுப்பூசிப் பெட்டி, கையில் டூர் டைரி, காலையில் ஒரு பஸ், மதியம் ஒன்று, திரும்ப ஒன்று. எந்த பஸ்ஸும் சொன்ன நேரத்துக்கு வராது.

டூர் டைரியில் அன்றன்றைக்குப் போன ஊரை எழுத வேண்டும். அதன் பின்பக்கங்கள் காலியாக இருக்கும். அங்கேதான் மலை. பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் இடமிருந்து வலமாக ஒரே கோடு. நிழல் கிடையாது, மரம் கிடையாது, கோபுரம் கிடையாது. கோட்டுக்குக் கீழே நிறுத்தத்தின் பெயர், தேதி, பஸ் எத்தனை நிமிடம் தாமதம். எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு அந்த டைரியைக் காட்டலாம்.

வெளியூர்க்காரர்களுக்கு மலை ஒன்றுதான். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அப்படி இல்லை. கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து பார்த்தால் ஒற்றை உச்சி, கூரை வேய்ந்த மாதிரி. வேங்கிக்கால் வந்தால் ஒரு தோள் இறங்கும். மேற்கே போகப் போக உச்சி இரண்டாகும், மூன்றாகும். ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் ஊரில் தெரிவதுதான் சரியான மலை என்பார்கள்.

அந்தப் படங்களால் ஒரு காரியம் நடந்ததை நான் எட்டு வயதில் பார்த்தேன். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போயிருந்தேன். ஒரு வீட்டில், கட்டிக்கொடுத்து நாலு மாதமே ஆகியிருந்த பெண். தலைப்பிள்ளை. அம்மா என்ன கேட்டாலும் தலையை ஆட்டினாளே தவிர வாய் திறக்கவில்லை. மாமியார் உள்ளே போனதும் அம்மா கேட்டாள்.

"உங்கம்மா ஊர்ல மலை எந்தப் பக்கம் தெரியும்?"

"வாசல்ல நின்னாலே தெரியும்."

அம்மா டைரியைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினாள். "இந்த மாதிரியா?"

அந்தப் பெண் டைரியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு விரலை வைத்து, "இங்க ஒரு சின்ன மேடு வரும் நர்சம்மா. நீங்க வுட்டுட்டீங்க" என்றாள்.

"ஆமாவா? பஸ் வந்துட்டிருக்கும். சரி, நீயே போடு."

அவள் பென்சிலை வாங்கி மேட்டைப் போட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் பேசினாள். எவ்வளவு சாப்பிடுகிறாள், எப்போது தலை சுற்றுகிறது, யாரிடம் சொல்ல முடியவில்லை என்று எல்லாம். அம்மா பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

அதிலிருந்து அம்மாவின் எல்லாப் பெண்களும், அதாவது அவள் பார்த்த கர்ப்பிணிகள் எல்லாரும், தங்கள் அம்மா ஊர்ப் பக்கத்தைக் கேட்பார்கள். டைரியில் அது இல்லையென்றால் அம்மா அடுத்த முகாமுக்குப் போகும்போது அந்த ஊர் வழியாகப் போய் வரைந்துகொண்டு வருவாள்.

நான் கணினிப் பொறியியல் படித்தேன். சென்னையில் வேலை. மாதம் இரண்டு முறை வீட்டுக்கு வருவேன். அம்மாவின் ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தபோது பதினோரு டூர் டைரிகளை அலமாரியிலிருந்து எடுத்தேன். மொத்தம் நாற்பத்தேழு நிறுத்தங்கள். தேரடி வீதியில் ஸ்கேனர் வைத்திருந்த டி.டி.பி. கடைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். அப்பா தன் கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார்.

"மலைய ஜெராக்ஸ் எடுக்கற மொத ஆளு நீதான்."

"ஜெராக்ஸ் இல்லப்பா, ஸ்கேன்."

"இன்னாவோ. பாத்துப் பண்ணு, மெஷினு தாங்காது."

அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டார் எரிந்துபோனால் விவசாயிகள் வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். எரிந்த கம்பியை உருவிவிட்டு, புதுத் தாமிரக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுவார். கடையில் இருந்ததைவிட வாயிலில் நின்று பேசியது ஜாஸ்தி என்பது அம்மாவின் கருத்து.

தளம் தயாரானது. பெயர் பாக்கி. நான் முறைப்படி ஒரு காகிதத்தில் விதிகளை எழுதினேன். சின்னதாக இருக்க வேண்டும். நடுவில் கோடு, எண் கூடாது. டாட் காமில் முடிய வேண்டும். எழுத்துக்கூட்டச் சிரமப்படக் கூடாது. எங்கோ ஒருவர் மலையின் பெயரைப் போட்டுத் தேடினால் நம் பக்கம் வர வேண்டும். ஆகவே மலையின் பெயர் கட்டாயம். ஐந்து விதிகள். அலுவலகத்தில் என்ன செய்வேனோ அதையே வீட்டுக்கும் செய்தேன்.

பிறகு ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தேன். மலையின் பெயர் தனியாக, முதல் நாளே போயிருக்க வேண்டும். மலையின் பெயரோடு வழி, ஒளி, அமைதி, வீடு, அறை, நிலம், எதைச் சேர்த்தாலும் போயிருந்தது. சிலவற்றை எடுத்தவர்கள் கடல் கடந்த ஊர்களில் இருந்தார்கள். சிலவற்றில் ஒன்றுமே இல்லை, பெயரை மட்டும் பிடித்து வைத்திருந்தார்கள். வேங்கிக்காலில் மனை விற்பவர் ஒருவர்கூட இரண்டு வைத்திருந்தார். முப்பத்துமூன்று கோடுகள் கிழித்த பிறகு, மலையின் பெயரோடு 'கோடு' என்ற சொல் சேர்ந்த ஒன்று யாரிடமும் இல்லை என்று வந்தது. அம்மாவின் படங்கள் கோடுகள்தானே. ஐந்து விதிக்கும் பொருந்தியது. தோழி ஒருத்தியின் கிரெடிட் கார்டைக் கேட்டு அன்றே பதிவு செய்தேன். ஒருநாள் தள்ளினால் அதையும் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பயம்.

அடுத்த ஞாயிறு ஊருக்கு வந்து, பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிட்ட காகிதத்தை நீட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டி வாசித்தார்.

"என் பேரு."

"மலை பேருப்பா."

"ரெண்டும் ஒண்ணுதான. உலகம் பூரா தெரியுமா?"

"தெரியும்."

"எங்கப்பன் தெரிஞ்சுதான் வெச்சிருக்கான்."

அம்மா எழுத்துகளைப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போனாள். அப்பா காகிதத்தை மடிக்காமல் கடைக்குக் கொண்டுபோய் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மலையின் பெயர் வைத்த ஆண்கள் ஏராளம். ஒரு பஸ்ஸில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்புவார்கள். அம்மாவின் பதிவேட்டில் குழந்தைகள், தகப்பன்கள், தாத்தாக்கள் என்று பக்கத்துக்கு இரண்டு இருக்கும். எழுதுவதில் அம்மாவுக்குத் தயக்கம் இல்லை. அழகாக எழுதுவாள். வாயால் மட்டும் வராது. தடுப்பூசி முகாமில் பெயர் கூப்பிடும்போது அந்தப் பெயர் வந்தால், "நம்ம வீட்டுப் பேரு கொழந்தய எடுத்துட்டு வாங்க" என்பாள். ஊரே பழகியிருந்தது. இரண்டு குழந்தைகள் இருந்தால், "நம்ம வீட்டுப் பேரு, செவப்புச் சட்டை" என்பாள். ஊர்ப் பெயரிலும் அது இருப்பதால் ஊர்ப் பெயரையும் சொல்ல மாட்டாள். அப்பாவுக்கு ஒருமுறை வேலூரில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, பதிவு செய்யும் இடத்தில் நோயாளி பெயர் கேட்டதற்கு உள்ளங்கையில் எழுதிக் காட்டினாளாம்.

புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு கம்மி என்பார்கள். அம்மா அதை நம்பவில்லை. "பேர்ல ஆயுசு இருந்தா ப்ரஷர் மாத்திரை எதுக்கு?" என்று கேட்பாள். அப்படியென்றால் சொல்ல வேண்டியதுதானே என்றால், "வாய் வரல. அவ்ளோதான்" என்பாள்.

இவ்வளவும் தெரிந்த நான் ஏன் அந்தப் பெயரைப் பதிவு செய்தேன்? இணைய முகவரி என்பது தட்டச்சு செய்வது என்று நினைத்தேன். அம்மா எழுதத் தயங்காதவள். எழுதுவது சரி, சொல்வதுதான் கூடாது. முகவரியை யார் சொல்லப் போகிறார்கள்? இதுதான் என் கணக்கு.

அடுத்த முறை வந்தபோது அம்மா கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். பழைய காலண்டர் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் முகவரியைத் தன் குண்டு எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். நூறு துண்டுக்கு மேல் இருக்கும். என்னைப் போலவே முறையாகச் செய்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் உட்கார்ந்து ஐம்பது எழுதிக் கொடுத்தேன்.

ஓய்வு பெறும் நாள் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். அப்பாவும் நானும் முன் வரிசை. பின்னால் அம்மாவின் பெண்கள். இடுப்பில் குழந்தை இருந்தவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள், இரண்டு பேர் பேத்தியோடு. கூட்டம் தொடங்கும் முன்பே அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கம்ப்யூட்டர்ல எங்கம்மா ஊரு மலை வருதாமே நர்சம்மா. இன்னா பேரு அது?"

"இந்தா, எழுதியிருக்கேன்."

"எனக்கு எங்க படிக்க வரும். வாயால சொல்லேன். என் பையன் பெங்களூர்ல கீறான், போன்ல சொல்லுவேன்."

"இத வெச்சிரு. யாரயாவது படிக்கச் சொல்லு."

அவள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். இன்னொருத்தி கேட்டாள். அவளுக்கும் துண்டு. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

டாக்டரம்மா பேசினார். அம்மாவின் வேலையைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னார். கடைசியில் மைக்கை அம்மாவிடம் நீட்டினார்.

"சிஸ்டர், உங்க வெப்சைட் பேர நீங்களே சொல்லிடுங்க. எல்லாரும் கேட்டுக்குவாங்க."

அம்மா மைக்கை வாங்கினாள். ஷாமியானாவுக்குள் ஒரு குழந்தை சிணுங்கியது. அம்மா மைக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "எழுதி வெச்சிருக்கேன். போறப்ப எல்லாரும் ஒண்ணு வாங்கிக்குங்க" என்றாள்.

அந்த நிலையத்தில் வெகுநாளாக வேலை பார்த்த ஆயா ஒருவர் தூணோரம் நின்றிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிடு சிஸ்டர். அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு. தோ, எதுருலதான் ஒக்காந்துனு கீறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அதற்குள் அப்பா எழுந்து மேடைக்குப் போய் மைக்கை வாங்கிக்கொண்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு தன் பெயரைச் சொன்னார். பிறகு கோடு என்றார். டாட் காம் என்றார். மறந்துவிடாமல் இருக்க இன்னொரு முறை சொன்னார். கைதட்டினார்கள். அம்மா பக்கத்தில் நின்று, தோளில் போட்டிருந்த சால்வையின் நுனியை மடித்துக்கொண்டிருந்தாள். பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பதினாறு வருடம் வெயிலில் நின்று வரைந்தவள் அவள். அவளுடைய நாள். அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது, அது அவளுடையதாக இல்லை. அப்படி ஏற்பாடு செய்தது அப்பா இல்லை, நான்.

வீட்டுக்கு வந்து, பாத்திரம் துலக்கும்போது கேட்டேன்.

"நான் பேரக் காட்டினப்பவே சொல்லியிருக்கலாம் இல்லம்மா."

"இன்னான்னு?"

"சொல்ல முடியாதுன்னு."

"உனக்குத் தெரியாததா?"

"டைப் பண்றதுதானேன்னு நெனச்சேன்."

"டைப் பண்ண எத்தினி பேருக்குத் தெரியும்? கேக்கறவங்க வாயாலதான கேக்கறாங்க." சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். "நீ ஒரு வாரம் ஒக்காந்து லிஸ்ட் போட்டிருக்க. அவருக்கு மூஞ்சி அப்படியே மலர்ந்துடுச்சு. நடுவுல பூந்து நான் இன்னா சொல்றது? சீட்டு எழுதினா சரியாப் போயிடும்னு நெனச்சேன்."

"பேர மாத்திடலாம்."

"அவரு கடையில ஒட்டி வெச்சிருக்காருடி."

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் அம்மா யார் யாருக்குத் துண்டு கொடுத்தாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். எந்த ஊர்ப் பெண், எந்த வருடம் பிரசவம், அம்மா வீட்டுக்குப் போய் எத்தனை வருடம் ஆகிறது. படிக்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று அவள் எண்ணவில்லை. நான் எண்ணினேன்.

புதுப் பட்டியல் போட்டேன். இந்த முறை ஒரே விதி. அம்மா அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். அம்மாவின் சொந்தப் பெயரை வைத்து ஒன்று எழுதியிருந்தேன். "என் பேரா? மலைய நானா செஞ்சேன்?" என்று போனை வைத்துவிட்டாள். நர்சம்மா என்று ஒன்று. "ரிட்டயர் ஆயிட்டேன் இல்ல" என்றாள். அழகான பழைய சொற்கள் நாலைந்து. அவற்றைச் சொன்னாள், ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலில். பன்னிரண்டு பெயர்கள், பன்னிரண்டும் விழுந்தன.

அப்பாவிடம் மறைத்துச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். அவர் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றும்போது எண்ணிக்கை வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் யாரும் பேசக் கூடாது, இது கடையின் சட்டம். நான் காத்திருந்தேன். பிறகு காத்திருக்க முடியாமல் பேசிவிட்டேன். பெயரை மாற்ற வேண்டும் என்றேன். அன்றைக்கு மேடையில் அம்மா ஏன் பேசவில்லை என்றேன். துண்டுச் சீட்டு எதற்கு என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கை சுற்றிக்கொண்டே இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் முடித்ததும் கை நின்றது. கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சுற்றியது முழுவதையும் உருவ ஆரம்பித்தார்.

"எண்ணம் தப்பிடுச்சு. நீ வூட்டுக்குப் போ" என்றார்.

அன்று சாப்பிட்டுக் கைகழுவியதும் நேராகப் படுக்கப் போய்விட்டார். காயப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் மதியம் சென்னை பஸ்ஸுக்கு அப்பாதான் மொபெட்டில் கொண்டுவந்து விட்டார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கீழே நின்றபடி பேச ஆரம்பித்தார்.

"உங்கம்மா பஸ்ல டிக்கெட் எப்படி வாங்குவா தெரியுமா?"

"தெரியும்."

"உனக்கு இன்னா தெரியும். கல்யாணமான மறு வாரம் அவங்க ஊர்ல இருந்து வர்றோம். கூட்டம். நான் பின்னால மாட்டிக்கினேன், டிக்கெட் இவதான் வாங்கணும். 'மலைக்கு ரெண்டு'ன்னா. கண்டக்டர் வேற ஊர்க்காரன். எந்த மலைக்கும்மா, திருப்பதி மலைக்கான்னான். இவ என் பக்கம் தாடையக் காட்டி, 'தோ நிக்குதே, இந்த மலைக்கு'ன்னா. பஸ்ஸே சிரிச்சுது. எனக்கு எங்க போய் மூஞ்சிய வெச்சிக்கறதுன்னு தெரியல."

"கோவம் வந்துதா?"

"கோவமா? அன்னிக்குத்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். டிரைவர் ஏறினார். "தனியாப் போறப்ப 'மலைக்கு ஒண்ணு'ன்னுவா. கடேசி சீட்டு வரைக்கும் கேக்கும். அதுக்கு மேல சத்தமா அவ எதுவும் சொல்லி நான் கேட்டதில்ல. பாத்துக்க."

பஸ் நகர்ந்தது. அவர் மொபெட்டை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார், கிளம்பவில்லை.

அம்மாவோடு பஸ்ஸில் போன நாட்களில் எல்லாம் அதைக் கேட்டிருக்கிறேன். முப்பத்தாறிலும் இல்லை, பன்னிரண்டிலும் இல்லை. அது எனக்குப் பெயர் மாதிரித் தெரிந்ததே இல்லை.

மறுநாள் மதியம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டேன்.

"அம்மா, பஸ்ல டிக்கெட் எப்படிக் கேப்ப?"

"எதுக்குடி?"

"கேளேன். கண்டக்டர் முன்னால நிக்கறார், நீ பின்னால இருக்க."

"மலைக்கு ஒண்ணு."

ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"இதான்மா பேரு."

"இது எப்படிடி பேராகும்?" என்றவள், பிறகு கேட்டாள். "அவரு சொன்னாரா?"

"ஆமா."

பின்னால் மிக்ஸி ஓடும் சத்தம், பக்கத்து வீட்டில் இருக்கும்.

"அவரேவா சொன்னாரு?"

"அவரேதான்."

"சரி. அப்ப வெய்யி" என்றாள். பெயரையா, போனையா என்று நான் கேட்கவில்லை.

'மலைக்கு ஒண்ணு' யாரிடமும் இல்லை. என் முதல் பட்டியலின் விதிகளில் மூன்றை அது மீறியது. நீளம் ஜாஸ்தி. ஆங்கில எழுத்தில் தட்டினால் முதல் முறை ஒருவருக்கும் சரியாக வராது. மலையின் பெயரைப் போட்டுத் தேடுகிறவர்கள் யாரும் அதை வந்து சேர மாட்டார்கள். பதிவு செய்தேன். பழைய பெயரை விடவில்லை. அதைத் தட்டினாலும் புதுப் பெயரின் பக்கமே திறக்கும்படி செய்தேன். இதை அப்பாவிடம் விளக்க அரைமணி நேரம் ஆனது. புரிந்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம், "என் பேர அடிச்சா நேரா அந்தம்மாகிட்டதான் போய் நிக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தார். சுவரில் ஒட்டிய காகிதத்தை எடுக்கவில்லை. அதற்குக் கீழே புதுப் பெயரைத் தன் கையால் எழுதினார், மேலே இருந்ததைவிடப் பெரிதாக.

ஒரு மாதம் கழித்து அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். கருவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "நர்சம்மா, அந்தக் கம்ப்யூட்டர் பேரு இன்னா? சீட்டு எங்கியோ வுட்டுட்டேன்" என்று கேட்டாள். அம்மா பையைக் கீழே வைக்கவில்லை, நிற்கவும் இல்லை. நடந்துகொண்டே, பஸ்ஸில் சொல்கிற மாதிரியே சொன்னாள். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "டாட் காம்" என்பதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சேர்த்தாள், அதில் அவளுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

இன்றைய நிலை: தளத்தில் ஐம்பத்திரண்டு நிறுத்தங்கள் இருக்கின்றன. வரைய இன்னும் ஆறு பாக்கி. அம்மா வியாழக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் வரைந்துகொண்டு வருகிறாள், தாமதத்தையும் குறிக்கிறாள். இரண்டு பெயர்களையும் வருடா வருடம் நான் புதுப்பிக்கிறேன். முதலாவதை அவள் இதுவரை சொன்னதில்லை. இரண்டாவதைக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்கிறாள்.